வாழைப்பழ எசன்ஸ் கேனை வீட்டுக்குள் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் திண்டுக்கல் பக்கம். வீட்டின் கீழ்த்தளத்தில் எசன்ஸ் பாட்டில் நிரப்பி விற்கும் சிறு தொழில் செய்கிறோம். குச்சி ஐஸ் போடுகிறவர்கள், மிட்டாய்க் கம்பெனிகள், பேக்கரிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். இதுவரை சென்னையிலிருந்து கலந்து வரும் எசன்ஸை வாங்கி நிரப்பினோம். இப்போது என் மாமனார் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற மூலப்பொருளையே 25 லிட்டர் கேனாக வாங்கி, நாமே கலக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். லாபம் நன்றாக இருக்கிறதாம். அடுத்து 200 லிட்டர் டிரம் வாங்கும் யோசனையும் இருக்கிறது. கேன்களை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். வீடு முழுக்க வாழைப்பழ வாசனை. நிரப்பும் நாளில் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. கேனில் தீ எரிவது போல ஒரு படம் இருக்கிறது. கேட்டால், “சாப்பிடுகிற பொருள்தானம்மா, இதுக்கு என்ன பயம்” என்கிறார் மாமனார். “குளிர்ந்த இடத்தில் வைக்கவும்” என்று எழுதியிருப்பதால் பழைய ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் வீணாகப் பயப்படுகிறேனா? இதை எப்படித்தான் வைத்துக்கொள்வது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஃப்ரிட்ஜ் விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் வீட்டுக்காரர் கேனை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தால், போய்ச் சட்டென்று கதவைத் திறந்துவிடாதீர்கள். அந்த அறையின் கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். தள்ளி இருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்து கேனை வெளியே எடுங்கள். அந்த ஃப்ரிட்ஜில் இனி இந்தச் சரக்கு எதையும் வைக்க வேண்டாம்.

கேனில் இருக்கும் “குளிர்ந்த இடம்” என்ற வரிக்கு, வெயில் படாத, அடுப்புச் சூடு தாக்காத, காற்றோடும் நிழலான இடம் என்றுதான் பொருள். வீட்டு ஃப்ரிட்ஜ் வேறு ரகம். அதற்குள் ஒரு விளக்கு, கதவைத் திறந்தால் அதை எரியவிடும் சுவிட்ச், சூட்டைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டும் தெர்மோஸ்டாட் எல்லாம் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் இயங்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொறி வரலாம். கரண்ட் இருக்கும்வரை உள்ளே குளிர். இந்தத் திரவத்திலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழாது, அது உண்மைதான். ஆனால் நம் ஊரில் சித்திரை மாதத்தில் நான்கைந்து மணி நேரம் மின்சாரம் போனால் என்ன ஆகும்? உள்ளே சூடு ஏறும். மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து ஆவி கசியும். ரப்பர் வைத்து அடைத்த பெட்டி என்பதால் அந்த ஆவிக்கு வெளியே போக வழி இருக்காது. பிறகு கரண்ட் வரும், தெர்மோஸ்டாட் ஒரு ‘க்ளிக்’ போடும். ஆய்வுக்கூடங்களில் இப்படிக் கரைப்பான்களை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, கதவு பறந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் அங்கே உள்ளே பொறி வராதபடி செய்த தனி ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எந்த ஃப்ரிட்ஜுமே தேவையில்லை.

இனி உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. ஐசோஅமைல் அசிட்டேட் உணவில் அனுமதிக்கப்பட்ட மணமூட்டிதான். பழுத்த வாழைப்பழத்திலேயே இயற்கையாக இருக்கிறது. பியர் புளிக்கும்போது ஈஸ்ட் இதைத் தானாக உண்டாக்குகிறது. ஒரு கிலோ மிட்டாயில் சில துளி அளவுக்குச் சேர்ந்தால் அது உணவு. கேனில் தனியாக இருக்கும்போது அது ஒரு கரைப்பான். பெயின்ட் தின்னரிலும் நகப்பூச்சிலும் சேர்க்கிற அதே சரக்கு.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள். 1884-ல் ஜெர்மனியில் ஹெஃப்னர்-ஆல்டெனெக் என்ற பொறியாளர் ஒரு விளக்கு செய்தார். ஒளியின் அளவைச் சொல்ல நாட்டுக்கே ஒரு பொது அளவுகோல் வேண்டும். அதற்காக எப்போதும் ஒரே மாதிரி எரிகிற ஒரு சுடர் தேவைப்பட்டது. 40 மில்லிமீட்டர் உயரச் சுடர், அது தரும் வெளிச்சம் ஓர் அலகு என்று வைத்தார்கள். அந்த விளக்கில் திரி போட்டு எரித்த எண்ணெய் எது தெரியுமா? அமைல் அசிட்டேட். உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சரக்கேதான். அவ்வளவு சீராக, அவ்வளவு எளிதாக எரியும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எவ்வளவு எளிதாக என்பதையும் பார்த்துவிடுவோம். ஒரு திரவத்தின் மேல் தீக்குச்சியைக் காட்டினால் ‘பக்’கென்று பற்றும் அளவுக்கு ஆவி எழுகிற குறைந்தபட்ச வெப்பநிலையை ஃப்ளாஷ் பாயின்ட் என்பார்கள். மண்ணெண்ணெய்க்கு இந்தியத் தரம் குறைந்தது 35 டிகிரி செல்சியஸ். ஐசோஅமைல் அசிட்டேட்டுக்கு 25 டிகிரி. அதாவது மண்ணெண்ணெயைவிட இது சீக்கிரம் பற்றும். குளிர் நாட்டில் ஒரு கிடங்கில் 15 டிகிரியில் இருக்கும்போது இந்தக் கேன் ஓரளவு சாதுவாக இருக்கும். திண்டுக்கல்லில் குளிர்ந்த இரவுகளையும் விடியற்காலைகளையும் தவிர்த்துவிட்டால், வருஷத்தின் பெரும்பகுதி அது ஃப்ளாஷ் பாயின்ட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அன்னாசி மணத்துக்குப் பயன்படும் எத்தில் பியூட்டிரேட்டும் ஏறக்குறைய இதே எல்லைதான். அடுத்து அதையும் வாங்கலாம் என்று உங்கள் மாமனார் யோசித்திருப்பார். அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காற்றில் இந்த ஆவி 1 சதவீதம் முதல் 7.5 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேங்குக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால், உள்ளே பற்றுவதற்குப் போதிய காற்று பெரும்பாலும் இருக்காது. ஐசோஅமைல் அசிட்டேட் கேனில் நம் ஊர்ச் சூட்டில் மேலே காலியாக இருக்கும் பகுதியில் ஆவி சரியாக அந்தப் பற்றும் எல்லைக்குள் வந்து நிற்கிறது. பாதி காலியான கேன் முழுக் கேனைவிட மோசம் என்பது இதனால்தான். காலிக் கேனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம். மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போகாது. கொட்டிய தண்ணீர் போலத் தரையோடு தாழ்வான பக்கம் பரவும், வாசற்படி இறங்கும், பாத்ரூம் ஜாலிக்குள் போகும். எங்கேயோ ஓர் ஓரத்தில் இருக்கும் நெருப்பு அதைப் பற்றவைத்தால், அந்தத் தீ வந்த வழியே கேன் வரை திரும்பி வரும். அதனால் “அடுப்பு அந்தப் பக்கம்தானே இருக்கிறது” என்ற சமாதானம் இங்கே செல்லாது. உங்கள் கீழ்த்தளத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பூஜை மாடத்து விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், பாட்டில் மூடிக்கு ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒட்ட வைத்திருக்கும் ஹீட் கன். கடைசியாகச் சொன்னது உங்களிடம் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். நிரப்பும் மேஜையிலேயே ஸ்லீவும் ஒட்டுவது எசன்ஸ் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் வழக்கம். அது எனக்குப் பிடிக்காத காட்சி. ஸ்லீவ் வேலை வேறு அறையில், வேறு நேரத்தில்.

சரி, எங்கே வைப்பது? மாடிப்படிக்குக் கீழே கூடவே கூடாது. மேலே குடும்பம் இருக்கிறது. இறங்கி ஓட இருக்கும் ஒரே வழி அந்தப் படிக்கட்டு. அங்கே தீப்பிடித்தால் முதலில் அடைபடுவது நீங்கள் தப்பிக்கும் வழி. படிக்கட்டு புகைபோக்கி வேலை செய்து, புகையும் சூடும் நேராக மேலே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேன்கள் இந்த வாரமே அங்கிருந்து போகட்டும்.

வீட்டை ஒட்டாமல், கொல்லையில் கொஞ்சம் தள்ளி, செங்கல் சுவரும் சிமென்ட் தரையுமாக ஒரு சின்ன அறை இருந்தால் போதும். ஓலைக் கொட்டகை வேண்டாம். மேற்கூரை ஷீட் என்றால் உள்ளே வெயில் கொதிக்காதபடி வெள்ளைப் பூச்சு அடியுங்கள். காற்றுக்கு மேலே ஒரு ஜாலி, தரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஜாலி. கீழ் ஜாலிதான் முக்கியம், ஆவி அங்கேதான் கிடக்கும். வாசலில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டுங்கள். கேன் கவிழ்ந்தாலும் சரக்கு உள்ளேயே நிற்கும். தரையில் சாக்கடைக்குப் போகும் ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே மின்சாரமே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் மட்டும் போய் வாருங்கள். விளக்கு வேண்டியே ஆக வேண்டும் என்றால் எலெக்ட்ரீஷியனிடம் ‘ஃப்ளேம்ப்ரூஃப் ஃபிட்டிங்’ என்று சொல்லிக் கேளுங்கள், சுவிட்ச் வெளியே இருக்கட்டும். அந்த அறையில் ப்ளீச்சிங் பவுடர், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆசிட், காஸ்டிக் சோடா, உரம் எதையும் சேர்த்து வைக்காதீர்கள். பாட்டில் கழுவ வாங்கும் சாமான்கள் இந்த அறையில் வந்து சேர்ந்துவிடும். அதையும் தடுக்க வேண்டும். கதவுக்குப் பூட்டு, சாவி பெரியவர்களிடம்.

அளவைப் பற்றி. 200 லிட்டர் டிரம் வேண்டாம். இதைச் சட்டத்தை வைத்துச் சொல்வதைவிடக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். 100 மில்லி எசன்ஸ் பாட்டிலில் 5 மில்லி ஐசோஅமைல் அசிட்டேட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு 25 லிட்டர் கேனில் 5,000 பாட்டில் வரும். டிரம் என்றால் 40,000 பாட்டில். அவ்வளவையும் விற்றுத் தீர்க்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆகும்? அத்தனை மாதமும் பாதி காலியான ஒரு டிரம் வீட்டு வளாகத்தில் நிற்கும். திறந்து திறந்து மூடுவதில் ஈரம் சேர்ந்தால் சரக்கும் மெல்லப் புளித்து, காடி வாடை அடிக்க ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். லிட்டருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதிலேயே போய்விடும். என்னைக் கேட்டால் 5 லிட்டர் பேக்காக, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பழையபடி கலந்த எசன்ஸையே வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கலந்தது என்றதும் தீப்பிடிக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில எசன்ஸ்கள் ஆல்கஹாலில் கலக்கப்பட்டவை. சப்ளையர் தரும் பாதுகாப்புத் தாளில் (எம்.எஸ்.டி.எஸ்.) ஃப்ளாஷ் பாயின்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிரப்பும் வேலை. விபத்துகள் பெரும்பாலும் சரக்கைக் கேனிலிருந்து மாற்றும்போதுதான் வரும். பொதுவாக நடப்பது இதுதான்: கேனைத் தூக்கிச் சாய்ப்பார்கள், பிளாஸ்டிக் புனலில் ‘குடுகுடு’வென்று ஊற்றுவார்கள், கொஞ்சம் மேஜையில் சிந்தும், ஒரு துணியால் துடைத்து அந்தத் துணியை அங்கேயே ஓரமாகப் போடுவார்கள். வேகமாகத் தெறித்து விழும் திரவமும், தேய்க்கப்பட்ட பிளாஸ்டிக்கும், நைலான் புடவையும் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். வறண்ட நாளில் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமே, அதே பொறி போதும்.

அதனால் திறப்பதற்கு முன்பே கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்கு, மோட்டார் எல்லாம் அணைத்தாயிற்று என்று ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். செல்போன் வெளியே. பருத்தி உடை, இழுத்துக் கட்டிய முடி, கண்ணுக்குக் கண்ணாடி. கேனைச் சாய்க்காதீர்கள், கைப்பம்பு வைத்து எடுங்கள். வாங்கும் பாத்திரம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கேனும் உலோகம், பாத்திரமும் உலோகம் என்றால் இரண்டையும் ஒரு செப்புக் கம்பியால் கிளிப் போட்டு இணைத்து, அந்தக் கம்பியை எர்த்தில் சேர்த்துவிடுங்கள். பம்பின் குழாய் பாத்திரத்தின் அடிவரை போகட்டும். மேலிருந்து விழக் கூடாது. மெதுவாக எடுங்கள். தேவையான அளவு வந்ததும் கேனை மூடி, அறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் கலக்க உட்கார வேண்டும். சிந்தியதைத் துடைத்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வேலை முடிந்ததும் வெளியே திறந்த வெளியில் காயவிடுங்கள்.

உங்கள் தலைவலிக்குக் காரணம் அந்த ஆவிதான் என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் தொழிலிடங்களுக்கு வைத்திருக்கும் சட்ட வரம்பு, 8 மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு. இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறையை மூடி வைத்துக்கொண்டு, அதற்குள் வெறும் 17 மில்லி ஆவியாகிப் பரவினால் அந்த வரம்பு வந்துவிடும். மூன்றரை டீஸ்பூன். மேஜையில் சிந்தியதும் துணியில் ஊறியதுமே அவ்வளவு இருக்கும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைசுற்றல், தூக்கக் கலக்கம் எல்லாம் இதே கணக்கில் வரும். வெளியே நல்ல காற்றில் போய் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். தெளியவில்லை, அல்லது நிரப்பாத நாளிலும் தலைவலி வருகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். என்ன பொருளோடு வேலை செய்கிறீர்கள் என்று பெயரை எழுதிக்கொண்டே போங்கள். கர்ப்பமாக இருப்பவர்களையும், ஆஸ்துமா உள்ளவர்களையும் நிரப்பும் அறைக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மூக்கை நம்ப வேண்டாம். இந்த வாசனை மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். அதனால் வாசனை வந்த உடனே தீப்பிடிக்கும் நிலை என்று பொருள் இல்லை. ஆனால் அரை மணி நேரம் அந்த அறையில் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். “இப்போ வாசனையே இல்லையே” என்று உள்ளே இருப்பவர் சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெளியிலிருந்து புதிதாக வருகிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மருத்துவ மாஸ்க்கும் துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க்தான் உதவும், அதுவும் காற்றோட்டத்துக்குப் பதிலாக ஆகாது. மெல்லிய ரப்பர் கையுறையும் அப்படியே. இந்தச் சரக்கு கொஞ்ச நேரத்தில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இது கரைப்பான் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, வெளியே வெட்டவெளியில் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் இரண்டு சொட்டு விடுங்கள். விட்ட இடம் குழிந்து, உருகி, பிசுபிசுவென்று உட்கார்ந்துவிடும். உங்கள் மாமனார் முன்னால் செய்து காட்டினால் இன்னும் நல்லது. பாட்டில்களைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறவர்கள் ஒரு பாட்டில் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பி.வி.சி. குழாய், சாதாரண ரப்பர் வாஷர் எல்லாம் இதில் இளகும். மூலச்சரக்கை அது வந்த கேனிலேயே வைத்திருங்கள். சிறிய அளவுக்குக் கண்ணாடி அல்லது எஃகு.

எக்காரணம் கொண்டும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். நிறமில்லாத திரவம், வாழைப்பழ மிட்டாய் மணம், வீட்டில் இரண்டு குழந்தைகள். தீயைவிட இதற்குத்தான் நான் உங்கள் வீட்டில் அதிகம் பயப்படுகிறேன். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுதான் ஆபத்து. வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐக் கூப்பிட்டு, கேனின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம். உடையில் ஊற்றிக்கொண்டால் உடனே கழற்ற வேண்டும். அந்த உடையோடு சமையலறைப் பக்கம் போகவே கூடாது.

கேன் கவிழ்ந்து சிந்தினால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். காய்ந்த மணலைக் கொட்டி உறிஞ்சவையுங்கள். மரத்தூள் வேண்டாம், அது எரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சரக்கு தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து சாக்கடை வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். அதே காரணத்தால் தீப்பிடித்தாலும் வாளித் தண்ணீர் வீசக் கூடாது. எரியும் சரக்கு தண்ணீர் மேல் ஏறி இன்னும் பரவும். 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி, அறைக்கு வெளியே வாசல் பக்கம் மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் தேவைப்படும்போது எடுக்கப் போக முடியாது. ஒரு பாத்திரம் அளவு தீ என்றால் அதை வைத்து முயலலாம். அதற்கு மேல் போனால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்து 101 அல்லது 112. என்ன சரக்கு, எத்தனை லிட்டர் என்று முதலிலேயே சொல்லுங்கள். கேனில் யு.என். 1104 என்று ஓர் எண் இருக்கும். அதைச் சொன்னால் தீயணைப்பு வீரர்களுக்கு உடனே புரியும்.

காலிக் கேனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா. காலி என்று நாம் சொல்லும் கேனில் அடியில் ஒரு கரண்டி சரக்கு தங்கியிருக்கும். மீதி இடம் முழுக்கப் பற்றும் அளவு ஆவி. அதைத் தண்ணீர்த் தொட்டி செய்யலாம், அடுப்பு செய்யலாம் என்று கியாஸ் கட்டிங்குக்கோ வெல்டிங்குக்கோ கொடுத்தால் பட்டறைக்காரர் உயிருக்கே ஆபத்து. டிரம் வெடித்து இறந்த பட்டறைத் தொழிலாளர்கள் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். காயலான் கடைக்கும் போடாதீர்கள். மூடியை இறுக்கி, சரக்கு கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே இதைப் பேசிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கொல்லையில் அறை கட்டும்போது மேலே அண்ணாந்து ஒரு பார்வை பாருங்கள். தென்னையிலோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ தேன்கூடு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைச் சண்டைக்குக் கூப்பிட விடுகிற மணத்தில் முக்கியமான பொருள் இதே ஐசோஅமைல் அசிட்டேட் என்று 1962-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்கள் சட்டையில் எசன்ஸ் வாசனையோடு போய் நின்றால் அவை என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காகிதங்கள் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். சப்ளையரிடம் ‘எம்.எஸ்.டி.எஸ்.’ என்ற அந்தப் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் சரக்கு வாங்காதீர்கள். பில்லிலும் லேபிளிலும் ‘ஃபுட் கிரேடு’ என்றும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். பெயின்ட் கடைக்குப் போகும் அதே பெயர்ச் சரக்கு விலை குறைவாகக் கிடைக்கும். அதைத் தொடவே கூடாது. கலந்து விற்பது தயாரிப்பாகிவிடுவதால், உங்களிடம் இருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் அதற்குப் பொருந்துமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்திலும் ஒரு முறை போய், இவ்வளவு லிட்டர் வைத்திருக்கிறோம், என்ன அனுமதி வேண்டும் என்று நேரிலேயே விசாரியுங்கள். வீட்டுக்கு எடுத்த காப்பீட்டில் இந்தச் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால், ஏதாவது நடந்த பிறகு பணம் வராமல் போகலாம்.

சரக்கைக் கொண்டுவருவதற்குப் பார்சல் லாரி ஆபீஸில் பொருளின் பெயரைச் சொல்லியே அனுப்பச் சொல்லுங்கள். பையில் வைத்து பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்து வர வேண்டாம். ரயிலில் இது மூன்றாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், கொண்டு வந்த கியாஸ் சிலிண்டரால் ஒன்பது பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. தொழிலை விடச் சொல்லியும் நான் சொல்லவில்லை. மாமனாரிடம் நேராகப் போய் “இது ஆபத்து” என்றால் வாக்குவாதம்தான் வரும். டிரம் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்: 40,000 பாட்டில், எத்தனை மாதம், எவ்வளவு பணம் முடங்கும். வியாபாரிக்கு அது புரியும். டிரம்முக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால், அதே தொகைக்கு 5 லிட்டர் பேக்காக மாதாமாதம் அனுப்ப முடியுமா என்று சப்ளையரைக் கேட்கச் சொல்லுங்கள். கொல்லை அறை தயாராகும்வரை இருக்கும் கேன்களை வெளியே, நிழலில், பூட்டிய கம்பி வலைக்குள் வையுங்கள். மழை படாமல் மேலே ஒரு ஷீட் இருந்தால் போதும். அறையின் அளவையும் ஜாலி வைக்கும் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.